ஓரத்தை வெட்டச் சொன்னவன்

என் தம்பி இறந்த ஒன்பதாம் நாள் அவனுடைய கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவனுடைய தறி எண் மூடப்பட்டது, தறியில் ஏற்றியிருக்கும் பாவு நூலைப் பதினைந்து நாட்களுக்குள் நெசவாளர் சங்கத்தில் ஒப்படைக்கவும் என்று இருந்தது. செத்தவனிடமே பேசும் செய்தி. அதை யாரும் உட்கார்ந்து எழுதி அனுப்பவில்லை. இறப்பு பதிவானதும் இன்ன சொற்களில் இன்ன எண்ணுக்குச் செய்தி போக வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்து வைத்தவன் நான்.

தம்பியின் மனைவி அந்தக் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் நேராகப் பேசியது குறைவு. கணவனின் அண்ணன் என்பதால் கதவோரம் நின்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். அன்று என் எதிரே வந்து நின்றாள்.

“இன்னா மாமா இது?”

“இது தானா வர்றதுமா. நான் பேசிச் சரி பண்றேன்.”

“எங்க சித்திக்கே நேத்துதான் விஷயம் தெரிஞ்சி வந்து அழுதுட்டுப் போச்சி. உங்க மெஷினு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கினு, பாவக் குடுன்னு நிக்குது. நல்லாத்தான் படிக்க வெச்சிக்கிறீங்க அத.”

உள்ளே தறியில் பாதி நெய்த சேலை இருந்தது. மாம்பழ நிறத்தில் உடல், அரக்கு நிறத்தில் கரை. தம்பி இறந்த அன்று காலை வரை நெய்தது. பாவை ஒப்படைப்பது என்றால் அந்தச் சேலையை அங்கேயே அறுத்து எடுப்பது. அதோடு அந்த வீட்டுக்குச் சங்கத்திலிருந்து பட்டும் வராது, சரிகையும் வராது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. நெய்வதைத் தவிர வேறு வேலை எதுவும் அவள் செய்ததில்லை. மகன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். மகள் வேறு ஊரில். தறிதான் அவளுடைய வாழ்க்கை. அதை மூடியது நான் கட்டிய அமைப்பு.

அது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது என்னைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டேன்.

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் தகவல்களைச் சேமிக்கும் அமைப்புகளையும் தேடும் அமைப்புகளையும் கட்டினேன். முதலில் ஒரே அறையில் ஒரே கணினி. பிறகு பல கணினிகள். கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கிளவுட். பெயர் அப்படியே தவிர, வானத்தில் எதுவும் இல்லை. எங்கோ குளிரூட்டிய கட்டடங்களில் வரிசையாக அடுக்கி வைத்த கணினிகள்தான். ஓய்வு பெறும் வயது தாண்டியும் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்த கடைசி வேலை, நெசவாளர் சங்கங்களின் பதிவேடுகளை அந்தக் கணினிகளுக்குக் கொண்டுபோவது. எங்கள் ஊர் வேலை என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

பதிவுகள் பெருகப் பெருக ஒரு கணினி போதாது. பல கணினிகளில் பிரித்து வைக்க வேண்டும். எந்தப் பதிவு எந்தக் கணினிக்குப் போகும் என்று தீர்மானிக்க ஒரு விதி வேண்டும். எங்கள் தொழிலில் அதைக் கீ என்போம். ஒருமுறை அந்தக் கீயைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்ற எல்லாமே அதன்மேல்தான் எழும்பும். நான் தறி எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு தறி, ஒரு வரி, ஒரு பெயர். ஒவ்வொரு வரிக்கும் மூன்று ஊர்களில் மூன்று பிரதிகள். ஒரு பெயரை அடித்தால் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். ஒரு பெயரை நீக்கினால் மூன்று இடத்திலும் சில நொடிகளில் நீங்கிவிடும். நீங்கிய எண் திரும்ப உயிர்பெறக் கூடாது என்று இன்னொரு விதியும் போட்டேன். தொடர்பு அறுந்து கிடந்த கணினி ஒன்று பிறகு விழித்துக்கொண்டு, செத்தவரை உயிரோடு இருப்பதாகச் சொல்லிவிடக் கூடாதல்லவா? அந்த விதியைப் பற்றி நான் பல இடங்களில் போய்ப் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

காஞ்சிபுரத்துத் தறியில் ஒரே ஆள் உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்ய முடியாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வோர் இழையிலும் உடலின் நூலும் கரையின் நூலும் ஒன்றை ஒன்று கொக்கிபோல மாட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் உட்கார்ந்திருப்பவர் உடலுக்கும் ஒரு பக்கக் கரைக்குமான நூலை ஓட்டும் கட்டைகளை, அதாவது இரண்டு நாடாவை, வீசுவார். மறுபக்கத்துக் கரைக்கான நாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் வீச வேண்டும். அவர் ஒரு நொடி தாமதித்தாலும் கரை பிரிந்து பல்லிளிக்கும். பள்ளிக்கூடம் போகும் வயதில் காலையில் இரண்டு மணி நேரம் எங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தவன் நான். தம்பி தறியில் அந்த இடத்தில் உட்கார்ந்தவள் அவன் மனைவி, வந்த மறு வாரத்திலிருந்து.

சங்கத்தின் பழைய பதிவேட்டில் இப்படிப் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் இடம் இருந்தது. கட்டங்களுக்கு உள்ளே நெய்பவரின் பெயர். பக்கத்தின் ஓரத்தில், கோடு போடாத இடத்தில், பென்சிலால் ‘கோர்வை’ என்று எழுதி இன்னொரு பெயர். யாரும் அப்படி எழுதச் சொல்லி உத்தரவு போட்டதில்லை. எழுத்தர்கள் தாங்களாகவே எழுதி வந்தார்கள்.

அதை எனக்குக் காட்டியவர் சங்கத்தில் எழுத்தராக இருந்த ஓர் அம்மா. முசரவாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். பதிவேடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கங்களைப் படிக்கும் மென்பொருள் ஓரத்துப் பென்சில் எழுத்தைப் பார்த்துத் தடுமாறியது. ஒரு வரியில் இரண்டு பெயர் வருகிறது என்று பிழை காட்டியது. நான் சொன்னேன், “படத்துல ஓரத்த வெட்டிடுங்க.” அந்த அம்மா ஒரு பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“சார், ஓரத்துல இருக்கறவங்கள இன்னா பண்ணப் போறீங்க?”

“அவங்க பேர்ல பாவு போவுதாமா?”

“இல்ல சார்.”

“சங்கத்துல ஓட்டு இருக்குதா?”

“இல்ல சார்.”

“அப்புறம் எதுக்கு?”

“தறியில உக்காந்துக்கினு இருக்காங்க சார்.”

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். கட்டத்துக்குள் இருந்த ஆணின் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் இருந்த பெண்ணின் பெயரிலிருந்து கட்டத்துக்குள் ஓர் அம்புக்குறி.

“இவரு தவறிட்டாரு சார். அன்னிக்கே இந்தம்மாவ உள்ள இழுத்துட்டோம். தறி நிக்கல. இதுக்குத்தான் சார் ஓரம்.”

அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அம்பு என்ன செய்கிறது, என் அமைப்பில் அதற்கு இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும், எல்லாமே. புரியாமல் தவறு செய்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய்.

இரண்டாவது பெயரைச் சேர்த்தால் என் கீ உடையும். ஒரு தறி, இரண்டு ஆட்கள் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் இரண்டு வரிகளைத் திருத்த வேண்டும். தேடலும் இரண்டு வழியில் போக வேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை. இன்னும் சில மாதம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அமைப்பின் வரைபடத்தை வரைந்து மேலிடத்தில் காட்டிப் பாராட்டு வாங்கி முடித்திருந்தேன். இப்போது ஓர் எழுத்தர் அம்மா சொன்னார் என்று அந்தப் படத்தைக் கலைத்துவிட்டு, மறுபடி அவர்கள் முன்னால் போய் நிற்பதா? என்னைத் தடுத்தது அந்தக் கேள்விதான். தொழில்நுட்பம் இல்லை. கர்வம்.

“அவங்க உதவியாள்மா. உதவியாளையெல்லாம் கணக்குல ஏத்த முடியாது” என்றேன். அன்று மாலை அதையே ஆங்கிலத்தில் ஒரு வரியாக எழுதிக் கோப்பில் போட்டு, அந்தக் கேள்வியை முடித்துவைத்தேன். உதவியாள். ஊரின் பாதிப் பெண்களுக்கு ஒரே சொல்லில் பெயர் வைத்துவிட்டேன். அப்பாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது யாராவது என்னை அப்படிச் சொல்லியிருந்தால் நாடாவை எடுத்து அவர் மூஞ்சியில் அடித்திருப்பேன்.

படமெடுத்து முடித்த பதிவேடுகளை அழித்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். அவை காகிதக் கூழாகப் போயின.

திறப்பு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எனக்குப் பட்டுச் சால்வை போட்டார்கள். பெரிய திரையில் தேடிக் காட்டினேன். கூட்டத்திலிருந்து பெயர் சொல்லச் சொன்னேன், அடித்தேன், வந்தது. என் தம்பியின் பெயரை அடித்தேன். படம், தறி எண், தெரு, எல்லாம் வந்தது. அவன் கடைசி வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று கத்தினான்.

“அண்ணா, பக்கத்துல இருக்கறவங்களையும் தேடுண்ணா!”

எதுவும் வராது என்று எனக்குத் தெரியும். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், “ஏன்பா, அவங்களத் தொலைச்சிட்டியா? தேடறதுக்கு?” மண்டபமே சிரித்தது. தம்பியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அவள் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வாடியது எனக்கு அன்றே தெரிந்தது. நான் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

குறுஞ்செய்தி வந்த மறுநாள், என் பழைய இடத்தில் இப்போது இருக்கும் பொறியாளரோடு பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார்.

“ஐயா, ஒரு பேரைச் சேக்கறது பெரிய விஷயமில்ல. எந்த வரியில சேக்கறது? அந்த எண் மூடியாச்சு. மூடினதைத் திறக்கக் கூடாதுன்னு இருக்கு.”

“யாருங்க அப்படிச் சொன்னது?”

“கோப்புல உங்க பேரு இருக்குங்கய்யா.”

“அந்தக் கீயவே மாத்துங்க.”

“மாத்தணும்னா மொத்தமும் திரும்பக் கட்டணும். அதையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. பழைய கேள்வி ஒண்ணு இருக்கு, சங்கத்துலர்ந்து யாரோ கேட்டது. உதவியாள் தனிப் பதிவு ஆக மாட்டார்னு நீங்க மூடியிருக்கீங்க.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கைப்பேசியை வைத்துவிட்டு என்மேல் வந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. என் அமைப்பில் பிழை இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். பிழை இல்லை. நான் என்ன சொன்னேனோ அதை ஓர் எழுத்துக்கூட மாறாமல் செய்தது. மூன்று ஊர்க் கணினிகளும் ஒரே குரலில் சொல்லின, அப்படி ஒரு பெண் நெய்ததே இல்லை என்று.

சங்கத்துக்கு அவளோடு போனேன். அதே எழுத்தர் அம்மா. தலை நரைத்திருந்தது. தம்பி மனைவியின் பெயரை அடித்தார். ‘முடிவுகள் இல்லை’ என்று வந்தது. இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

“ஒரே வழிதான்மா இருக்குது. புது நெசவாளின்னு எழுதிக் குடுக்கணும். அதிகாரி வீட்டுக்கு வருவாரு. அவரு எதிர்ல தறியில நெய்ஞ்சி காட்டணும். செரியா இருந்தா புது எண்ணு வரும். அப்ப பாவ எடுக்க மாட்டாங்க.”

“புதுசா?” என்றாள் அவள். “நானா?”

“ஆமாமா.”

“எனக்குப் பேத்தி இருக்குது, தெரியுமில்ல?”

“எனக்குத் தெரியும்மா. அதுக்குத்தான் தெரியல.” எழுத்தர் அம்மா திரையைக் கையால் காட்டினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

அவளும் நானும் வீட்டுக்கு நடந்து வந்தோம். வாசலில் நின்று சொன்னாள்.

“நான் நடுவுல உக்காந்துடுவேன். அது தெரியும் எனக்கு. அவருக்கு உடம்பு முடியாதப்பலாம் உக்காந்திருக்கேன். அந்தப் பக்கம் யாரு போடறது?”

“தெருவுல யாரையாச்சும் கேக்கலாம்.”

“அவங்கவங்க தறியில அவங்கவங்க இருக்காங்க. நீங்க உக்காருங்க.”

“நானா? அம்பது வருசத்துக்கு மேல ஆச்சிமா.”

“சின்னதுல நல்லா போடுவீங்கன்னு அவரு சொல்லிக்கினே இருப்பாரு. மண்டபத்துல எங்கள தேட மாட்டேன்னீங்க. இப்ப வந்து பக்கத்துல உக்காருங்க.”

அடுத்த நான்கு நாள் காலையில் போய் அந்தப் பலகையில் உட்கார்ந்தேன். கால் மரத்துப்போகும். முதுகு பிடித்துக்கொள்ளும். வலது கை நாடாவைத் தள்ளும் நேரம் எப்போதும் பிந்தியது. அவள் சும்மா விடவில்லை.

“மாமா, தூங்கறீங்களா? போடுங்க.”

“போட்டுட்டேன்மா.”

“போட்டது இழைக்கு அந்தாண்ட கிடக்குது. எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க.”

மரியாதை குறையாமல் திட்டினாள். ‘ங்க’ ஒவ்வொன்றும் அறை மாதிரி விழுந்தது. நான் போட்ட இழைகளை மூன்று முறை பிரித்தாள். சேலையில் தம்பி நெய்த இடம் முடிந்து நாங்கள் தொடங்கிய இடம் எதுவென்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் தெரியும். வாங்குகிறவர்களுக்குத் தெரியாத அளவுக்கு அவள் சரிசெய்தாள்.

குறுஞ்செய்தி வந்த பன்னிரண்டாம் நாள் காலையில் அதிகாரி டேப்லெட்டோடு வந்தார். அவர் நல்ல மனிதர்தான், நின்றே பார்த்தார். அவள் தறிக்குழிக்குள் காலை விட்டு, தம்பி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். மிதித்தாள், வீசினாள். நான் வீசினேன். கொக்கி விழுந்தது. அடுத்தது. அடுத்தது. பத்தாவது இழையோ என்னவோ, என் நாடா கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் கண்ணை எடுக்காமல், வீசாமல், அப்படியே காத்திருந்தாள். நான் குனிந்து எடுத்துப் போட்டேன்.

“கை சுத்தமா இருக்குதும்மா” என்றார் அதிகாரி. கரையைக் குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டார். பெயர், வயது, தெரு கேட்டு விரலால் தட்டிக்கொண்டே வந்தார். “முன் அனுபவம் எத்தினி வருசம்?”

“கல்யாணமாயி வந்ததுலர்ந்து.”

“பதிவுல இருக்கறதுதான்மா போட முடியும். இல்லன்னா எடுக்க மாட்டேங்குது.” பூஜ்யம் என்று போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். “இவரு யாரு?”

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“ஒத்தாசைக்கு வந்தவரு. உங்க மெஷின்ல எடம் இருக்குதா அவருக்கு?”

அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “இல்லம்மா.”

“அப்ப பேரு வேணாம். விடுங்க.”

புது எண் வந்தது. பாவு அறுபடவில்லை. சங்கத்துக்குப் போய்ச் சரிபார்த்தோம். எழுத்தர் அம்மா பெயரை அடித்ததும் கண் இமைக்கும் நேரத்தில் அவள் படம் வந்தது. கீழே, அனுபவம் பூஜ்யம் ஆண்டுகள். அதை விரலால் தொட்டு அவள் என்னிடம் கேட்டாள், “மீதி எங்க போச்சி மாமா?” எனக்குப் பதில் தெரியும். காகிதக் கூழாகப் போனது.

மொத்தத்தையும் திரும்பக் கட்டச் சொல்லி யார் யாருக்கெல்லாமோ எழுதிவிட்டேன். எங்கே பிழை, எப்படித் திருத்தலாம், என் பெயரைப் போட்டே எழுதினேன். கிடைத்தது என்ற பதில்கூட ஒன்றிரண்டு பேரிடமிருந்துதான் வந்தது. அமைப்பு நன்றாக ஓடுகிறது, யாரும் புகார் செய்யவில்லை என்றார் ஒருவர். புகார் செய்ய வேண்டியவர்கள் அதற்குள் இல்லையே, எந்த எண்ணைப் போட்டுப் புகார் செய்வார்கள்?

புது எண்ணைச் சரிபார்த்த அன்று சங்கத்திலிருந்து கிளம்பும்போது மாகறலிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையில் ஓர் ஆணின் கைப்பேசி. அதில் என் குறுஞ்செய்தி. எழுத்தர் அம்மா அவளுக்கும் அதே வழியைச் சொன்னார். அந்தப் பெண் கலங்கிப்போய் என் தம்பி மனைவியைப் பார்த்தாள்.

“உனக்கு யாருக்கா அந்தப் பக்கம் போட்டாங்க?”

அவள் என்னைக் காட்டினாள்.

“அதோ நிக்கிறாரே, அவருதான். நாடா நழுவும், நீதான் பாத்துக்கணும். கூப்புடு, வருவாரு.”

தம்பி விட்டுப்போன சேலை முடியும் வரை காலையில் அவன் மனைவியின் தறி, பிற்பகலில் மாகறல் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மாகறல் பெண்ணும் என்னைத் திட்டத் தொடங்கிவிட்டாள்.